குறையையும் சேர்த்துச் சொன்ன மகேஸ்வரி

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கொடைக்கானலுக்கு அப்பால், மேல்மலையில் ஒரு ஊர்க் கோயில் வாசலில் நின்றுகொண்டு, சால்வையை இழுத்து மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டேன். குளிருக்காக இல்லை. கொடைக்கானல் குளிரெல்லாம் எனக்குப் பழகிப் பல வருஷமாகிறது. வெட்கம்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பெண், கோயில் மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தனக்கு வேலை போய்விட்டது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். மரத்தடியில் நாலு பேரிடம் சொல்வது மாதிரி இல்லை... நாலு திசைக்கும் கட்டியிருந்த ஸ்பீக்கரில்.

இப்போது அந்த வெட்கம் இல்லை. அது இருந்த இடத்தில் பிரமிப்பு வந்து உட்கார்ந்துகொண்டு, எழுந்து போக மாட்டேன் என்கிறது. வேலை போச்சு, என்ன செய்வது, எப்படித் தேடுவது என்று இந்தப் பக்கத்துக்கு அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்களே... இதுவரைக்கும் நான் சொன்ன யோசனையை எல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

முதலில், மகேஸ்வரி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் இந்த மலைக்கு வந்த புதிதில் ஒரு ரிசார்ட்டில் சில நாள் தங்கினேன். ரிசப்ஷனில் இருந்தவள் மகேஸ்வரி. வாடகைக்கு வீடு கிடைக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். மறுநாள் சாயங்காலம், கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் ஒரு வீட்டின் சாவியோடு வந்து நின்றாள். அந்த வீட்டில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். அவளுடையது பூண்டும் கேரட்டும் போடுகிற மேல்மலைக் குடும்பம். முதல் பஸ்ஸில் கொடைக்கானலுக்கு வந்து, கடைசி பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவாள். ரூமில் வெந்நீர் வரவில்லை என்று அடிக்கிற மாதிரி வருகிற ஆளை அவள் உட்கார வைத்துப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் அவர் தன் பேரக்குழந்தை போட்டோவைக் காட்டிக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் அந்த ரிசார்ட் கை மாறியது. புது முதலாளி ரிசப்ஷன் மேஜையைத் தூக்கிவிட்டு, அங்கே க்யூஆர் கோடு ஒட்டிய ஒரு ஸ்டாண்டை வைத்துவிட்டார். போனைக் காட்டினால் ரூம் கதவு திறக்கும். அப்புறம் ஆள் எதற்கு?

நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள். ரிசார்ட் கொடுத்த யூனிஃபார்ம் புடவையிலேயே.

"அக்கா, சோலி போச்சு. ஸ்டாண்டு வச்சுட்டாங்க. அது சம்பளம் கேக்காது, தீபாவளிக்கு லீவும் கேக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் நான் கொடுத்த காபியைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை. இந்தத் தடவை பெய்த மழையில் அவர்கள் பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டது. இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. திருப்பூரில் இருக்கிற அண்ணன், பனியன் கம்பெனி ஆபீசில் ஒரு வேலை பார்த்து வைத்து, வா வா என்று கூப்பிடுகிறான்.

"போறதுன்னா நான் மட்டும்தான் போகணும்க்கா. அவுக காட்டை விட்டுட்டு வரமாட்டாக. புள்ள இங்க பிளஸ் ஒன் படிக்குது, நடுவுல மாத்த முடியாது. நான் அங்க, அவுக இங்க... இங்கயே ஏதாச்சும் கெடைச்சாத்தான் வீடு வீடா இருக்கும்."

இதைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா? ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிற வாய் இது. உடனே பெங்களூரில் இருக்கிற என் மகன் கார்த்திக்கு போன் போட்டேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. வேலை நாளில் கூப்பிட்டால் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறவன், அன்றைக்கு முதல் ரிங்கிலேயே எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். அரை நாளில் ரெஸ்யூமே தயார்.

சும்மா சொல்லக் கூடாது. எந்த வெப்சைட்டில் போட்டால் பதில் வரும், எதில் போட்டால் மெஷின் 'வருந்துகிறோம்' என்று அனுப்பும், எத்தனை மணிக்கு அனுப்பினால் ஆள் கண்ணில் படும்... அத்தனையும் விரல் நுனியில் வைத்திருந்தான். என் பிள்ளைக்குத்தான் எவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"முக்கியமா ஒண்ணும்மா. வேலை போயிருச்சுனு அவங்க எங்கயும் சொல்லக் கூடாது. 'புதிய வாய்ப்புகளை எதிர்நோக்குகிறேன்'னு போட்டுக்கலாம். போச்சுனு தெரிஞ்சா மதிப்பே போயிடும்" என்றான்.

சரிதானே? நானும் அதையேதான் மகேஸ்வரிக்குச் சொன்னேன். ஊரில் யாராவது கேட்டால் லீவு என்று சொல்லிக்கொள், அதற்குள் ஏதாவது கிடைத்துவிடும் என்றேன். ரெஸ்யூமேயைப் படித்துப் பார்த்தேன். விருந்தினர் உறவு மேலாண்மையில் ஆழ்ந்த அனுபவம், இலக்கை நோக்கிய அணுகுமுறை... நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். ஆனால் அந்த ரெண்டு பக்கத்தில் மகேஸ்வரியைக் காணோம்.

அனுப்பினோம், அனுப்பினோம், அனுப்பிக்கொண்டே இருந்தோம். வந்ததெல்லாம் மெஷினின் வருத்தம்தான். கோடை சீசன் முடிந்து, கூட்டம் குறைந்து, இருக்கிற ஆளையே ஹோட்டல்காரர்கள் வீட்டுக்கு அனுப்புகிற மாதமும் வந்துவிட்டது. அண்ணன் கெடு வைத்துவிட்டான். ஒண்ணாம் தேதிக்குள் திருப்பூர் வந்து சேரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

ஒரு சனிக்கிழமை மகேஸ்வரி போன் பண்ணினாள். "அக்கா, லீவு லீவுன்னு சொல்லிச் சொல்லி வாய் கூசுது. நாளைக்கு எங்க ஊருக்கு வாங்க. வெள்ளனே வந்துருங்க." என்ன ஏது என்று சொல்லவில்லை. சாமிக்கு ஏதோ வேண்டுதல் போல, நாமும் கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கிளம்பிப் போனேன்.

அந்த ஊரில் ஞாயிறு காலை ஒரு வழக்கம் உண்டு. பூஜை முடிந்ததும் கோயில் மைக் ஊர்க்காரர்கள் கைக்கு வந்துவிடும். விதைப்பூண்டு மிச்சம் இருக்கிறதா, கேரட் பிடுங்க ஆள் வேண்டுமா, மேயப் போன மாடு வீடு திரும்பவில்லையா... எதுவாக இருந்தாலும் அந்த மைக்கில்தான். நான் போன நேரம், தலையில் குல்லா போட்ட ஒருவர் குதிரை விற்றுக்கொண்டிருந்தார். மூட்டை சுமக்கிற மட்டக்குதிரை.

"ஆறு வயசுக் குதிரை. பூண்டு மூட்டை அசராம சொமக்கும். ஆனா எறக்கத்துல தண்ணியக் கண்டா நின்னுக்கும். அடிச்சாலும் நகராது. தெரிஞ்சு வாங்கிக்கங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்படி விற்றால் யார் வாங்குவார்கள் என்று பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன்.

"சாமிக்கு முன்னால நின்னு சொல்றதும்மா, கொறையையும் சேத்துத்தான் சொல்லணும். சொல்லாம வித்தா, வாங்குனவன் அடுத்த வாரம் இதே மைக்குல வந்து நின்னு சொல்லுவான்ல?"

அதுவும் சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, குல்லாக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கியது யார் என்று பார்த்தேன். மகேஸ்வரி.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மகேஸ்வரி. எனக்கு வேலை போயி மூணு மாசமாச்சு. லீவுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், அது பொய்யி. மன்னிச்சுக்கங்க. கொடைக்கானல்ல ரிசப்ஷன்ல இருந்தேன். தமிழ், மலையாளம், இங்கிலீஷ் பேசுவேன். இந்தி சமாளிப்பேன். கோவமா வர்ற ஆளை உக்கார வச்சுப் பேசி அனுப்பிருவேன். ஒருதடவ பாத்த மூஞ்சிய மறக்க மாட்டேன்."

அதோடு நிறுத்திவிடுவாள் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

"கொறையும் சொல்லிர்றேன். கணக்கு எழுத வராது, எழுதுனா தப்பு வரும். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனா சிடுசிடுன்னு பேசுவேன். ராத்திரி தங்க முடியாது, கடைசி பஸ்ஸப் பிடிச்சாகணும். உங்களுக்குத் தெரிஞ்ச எடத்துல சோலி எதுவும் இருந்தாச் சொல்லுங்க."

சால்வை மூக்குக்கு ஏறியது அப்போதுதான். கார்த்தி அவ்வளவு பாடுபட்டுச் செதுக்கிய ரெஸ்யூமே என்ன, இவள் பேசுவது என்ன. முடிந்தது, போகலாம் என்று அவள் கையைப் பிடிக்கப் போனேன். பூசாரி தடுத்தார். எந்தச் சேதியையும் ரெண்டு தடவை சொல்ல வேண்டுமாம், அதுதான் வழக்கமாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். 'சிடுசிடுன்னு பேசுவேன்' ரெண்டாவது தடவை மலையில் மோதித் திரும்பி வந்தது.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. குதிரைக்கு எப்படிக் காது கொடுத்தார்களோ அப்படியே இதற்கும் கொடுத்தார்கள். மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கியவளிடம் ஒருவர் வந்தார். அவளுக்குச் சித்தப்பா முறை. கொடைக்கானலில் ஏதோ காட்டேஜில் டிரைவராக இருக்கிறவர் என்று அவளே முன்பு எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"மகேசு... எனக்கும் போயிருச்சு. வீட்டுல இன்னும் சொல்லல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

"மைக்கு அங்கதான கெடக்கு சித்தப்பா. வீட்டுல சொல்லிட்டு வெரசா வாங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருக்காதா பின்னே? ஏன்டி, நீ என்ன மட்டக்குதிரையா, இப்படிக் கூவி விற்றுக்கொள்ள என்று கேட்டே விட்டேன்.

"குதிரைக்கே ஒளிக்காமச் சொல்றோம். எனக்குச் சொல்ல மாட்டேனாக்கா?"

வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிற நான், மூக்கிலிருந்த சால்வையை மெல்லக் கீழே இறக்கினேன்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அன்றைக்கே பூண்டு ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி, அடுக்கம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கியது. டிரைவர் அடுக்கத்தில் டீ குடிக்க நிறுத்தினார். எங்கள் ஊர்ப் பொண்ணு ஒன்று இப்படி மைக்கில் பேசியது என்று டீக்கடைக்கார அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாவின் தங்கையைக் கீழ்மலையில் இருக்கிற பெரும்பாறையில் கட்டிக்கொடுத்திருக்கிறது. தங்கையும் புருஷனும் அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலை. அக்கா போனில் சொன்னதைத் தங்கை மிளகு காயப்போட்டுக்கொண்டே முதலாளியம்மாவிடம் சொன்னாள். முதலாளியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏனென்றால் கொடைக்கானலில் ஒரு பழைய வீட்டை வாங்கி, விருந்தினர் தங்குகிற ஹோம்ஸ்டே ஆக்கி, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார்.

அந்த வீடு எங்கே தெரியுமா? அட்டுவம்பட்டியில். என் வீட்டிலிருந்து ரெண்டு தெரு.

தினமும் வாக்கிங் போகிற தெருதான். வாசலில் மணலைக் கொட்டி வழியை அடைத்திருந்தார்கள் என்று நான் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். அங்கே ஒரு வேலை காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை, கார்த்தியின் அத்தனை வெப்சைட்டுக்கும் தெரியவில்லை. ஒரு சேதி மேல்மலையில் கிளம்பி, பூண்டு மூட்டையோடு மலையிறங்கி, டீக்கடையில் இளைப்பாறி, கீழ்மலைக்கு ஏறி, மறுபடி கொடைக்கானலுக்கு வந்து, என் வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி நிற்கிறது. நடுவில் ஒருத்தருக்கும் இதில் பத்துப் பைசா லாபம் இல்லை. கேட்டார்கள், அடுத்தவரிடம் சொன்னார்கள், அவ்வளவுதான். முன்பின் பார்க்காத ஒரு பெண்ணின் வேலையைக் கை மாற்றிக் கை மாற்றிக் கீழே போடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். மனுஷர்கள் இப்படியும் இருக்கிறார்கள் என்பது எனக்கு இந்த வயதில் தெரியவருகிறது.

வரச் சொன்ன சேதியும் அதே வழியில் திரும்பிப் போய் மகேஸ்வரியிடம் சேர்ந்தது. இன்டர்வியூவுக்குத் துணைக்கு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். முதலாளியம்மா கறாரான ஆள். நிற்க வைத்தே ஆரம்பித்தார்.

"ஏழு பாஷை பேசுவீங்களாமே. பிரெஞ்சு உட்பட."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேதி வந்த வழியில், ஆளாளுக்குப் பாசத்தில் கொஞ்சம் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பிக்கப் டிரைவர் தெலுங்கையும் கன்னடத்தையும் போட்டிருப்பார். பிரெஞ்சு, அடுக்கத்து உபயமாக இருக்க வேண்டும்.

"பெரிய ஹோட்டலுக்கு மேனேஜராம். கணக்குல புலியாம்" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். சேர்ந்ததெல்லாம் நல்லது. அவள் சொன்ன குறைகள் ஒன்றுகூட அடுக்கத்தைத் தாண்டி வரவில்லை.

ஒண்ணாம் தேதிக்கு நாலு நாள் இருந்தது. பேசாமல் தலையாட்டிவிடு என்று மகேஸ்வரியின் இடுப்பில் கிள்ளினேன். சத்தியமாகக் கிள்ளினேன்.

"இல்லைங்கம்மா. மூணு பாஷைதான் ஒழுங்காப் பேசுவேன், இந்தி சமாளிப்பேன். பிரெஞ்சுல வணக்கம் மட்டும் தெரியும். அதுக்கு மேல அவங்க பேசுனா, சிரிச்சுக்கிட்டே சாவியக் குடுத்துருவேன். மேனேஜர் இல்லை, ரிசப்ஷன்தான். கணக்கு சுத்தமா வராதுங்க" என்றாள். அப்புறம், அதையும் விட்டுவைக்கவில்லை. "மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனா சிடுசிடுன்னு பேசுவேன்."

அந்த அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். எனக்குத் திருப்பூர் பஸ் கண் முன்னால் வந்து நின்றது.

"உங்களுக்கு முன்னால வந்தவங்க எல்லாம் அவங்களே கூட்டிச் சொன்னாங்க" என்றார் கடைசியில். "ஊர் கூட்டிச் சொன்னதை, ஒண்ணொண்ணாக் கழிச்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். கணக்கை நான் பாத்துக்கறேன். நீங்க ஒரு மணிக்குச் சாப்பிட்டுருங்க. ஒண்ணாம் தேதி வந்துருங்க."

வேலை போனபோது அழாதவள், என் வீட்டுப் படியில் உட்கார்ந்து அண்ணனுக்கு போன் போட்டு, "நான் வரலண்ணே, இங்கயே கெடைச்சிருச்சு" என்று சொல்லும்போது அழுதாள். நானும்தான்.

ரெஸ்யூமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அம்மாவே அப்புறம் ஃபைலில் வைக்க ஒன்று வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லா ஊரிலும் மைக்கும் இருக்காது. வேலை போச்சு என்று தெரிந்ததும் ஒரு மாதிரி பார்க்கிற ஆட்கள், கல்யாண வீட்டில் நம்மைக் கண்டால் நகர்ந்து உட்காருகிற சொந்தக்காரர்கள்... எல்லாம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வேலை போனது நம் தப்பில்லை என்று நாமேதான் சொல்கிறோம். அப்புறம் ஏன் திருட்டு நகை மாதிரி அதை ஒளித்து ஒளித்து வைக்கிறோம்? தெரியாத மெஷினுக்கு நூறு தடவை சொல்கிறோம். தெரிந்த மனுஷர்களிடம் ஒரு தடவை சொல்ல மாட்டேன் என்கிறோம். நம்மால் எது முடியும், எது முடியாது என்று நாமே தெளிவாகச் சொல்லிவிட்டால், அடுத்தவர் தைரியமாக நமக்காக நாலு இடத்தில் வாயைத் திறப்பார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

வேலை கிடைத்த அன்றைக்குச் சாயங்காலம் கார்த்திக்கு போன் போட்டு இந்தக் கதையை முழுசாகச் சொன்னேன். ஏற்ற இறக்கத்தோடு, குல்லாக்காரர் குரலில் குதிரையை விற்று, மகேஸ்வரி குரலில் சிடுசிடுத்து... குதிரை வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தான். சித்தப்பா வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் பாட்டுக்குச் சொல்லி முடித்தேன்.

"கார்த்தி... லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்மா."

"என்னடா?"

"அம்மா... எனக்கு வேலை போயி அஞ்சு மாசம் ஆச்சும்மா."

முதல் ரிங்கிலேயே எடுத்த போன் ஞாபகத்துக்கு வந்தது. எந்த வெப்சைட், எத்தனை மணி என்று அவன் விரல் நுனியில் வைத்திருந்தது ஞாபகத்துக்கு வந்தது. பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேனே நான். அத்தனை மெஷினும் அவனுக்கும் வருத்தம் தெரிவித்திருக்கின்றன. பெற்றவளுக்குத்தான் தெரியவில்லை.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன். அதுதான் வந்தது. சாப்பிட்டேன் என்றான். முதலில் கிளம்பி வீட்டுக்கு வா என்றேன்.

வந்துவிட்டான். இதை எழுதலாமா என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒரு நாள் முழுக்க யோசித்தான். மறுநாள் தட்டில் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "எழுதுங்கம்மா. ஆனா கொறையும் சேர்த்துப் போடணும்" என்றான்.

எனக்குக் கோயில் மைக் கிடையாது. இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் கார்த்தி. சாஃப்ட்வேர் டெஸ்டிங் தெரியும். மற்றவர்கள் பார்க்காமல் விட்ட தப்பு இவன் கண்ணில் பட்டுவிடும். நிதானமானவன், சொன்ன நேரத்துக்குள் முடித்துக் கொடுப்பான். குறைகளும் உண்டு. காலையில் வெள்ளனே எழுந்திருக்க மாட்டான். பத்துப் பேர் கூடினால் பேச்சு வராது, தரையைப் பார்ப்பான். கஷ்டம் வந்தால் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல மாட்டான்... அது இப்போது கொஞ்சம் சரியாகி வருகிறது. தெரிந்த இடத்தில் வேலை இருந்தால் சொல்லுங்கள். பிரெஞ்சு தெரியாது, வழியில் யாரும் சேர்த்துவிட வேண்டாம்.

எந்தச் சேதியையும் ரெண்டு தடவை சொல்வதுதான் வழக்கம் என்றேன் அல்லவா... தயவுசெய்து மேலே இருக்கிற பத்தியை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.